மூன்று பொருள்களும் ஓர் ஊரும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் மூன்றைக் குறிக்கும். கண்ணால் காணும் கல்லும் மண்ணும் இரும்பும் பொருள். கையிலுள்ள செல்வமும் பொருள். ஒரு சொல்லுக்குள் அடங்கிய கருத்தும் பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவன் நான். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழாக்கும்போது மூன்றும் ஒரே சொல்லில் வந்து நிற்கும். எந்தப் பொருளில் அதைச் சொன்னேன் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிய தொல்லை எனக்கு உண்டு.

ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால், நம் முன்னோர் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்ததில் ஓர் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. மலையிலோ மண்ணிலோ கிடக்கும் ஒரு பொருள் மனிதன் கைக்கு வந்ததும் செல்வமாகிறது. செல்வமானதும் அவன் வாழ்வுக்கே புதியதொரு பொருளைக் கற்பிக்கத் தொடங்குகிறது. எங்கே குடியிருப்பது, யாரோடு வாழ்வது, யாருக்குக் கீழ்ப்படிவது என்பனவற்றையெல்லாம் அது மாற்றிவிடுகிறது. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது புத்தகச் செய்தியன்று. அனுபவித்து அறிந்த செய்தியாகும்.

மனித வரலாற்றைப் பொருள்களின் பெயரால் வகுக்கும் வழக்கம் கோபன்ஹேகன் நகரத்து அரும்பொருட்காட்சிச்சாலையில் பிறந்தது. அங்கே பணியாற்றிய கிறிஸ்டியன் தாம்சன் என்பவர், பழைய கருவிகளைக் கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்று மூன்றாகப் பிரித்து அடுக்கினார். 1836-ஆம் ஆண்டில் அவருடைய முறை நூலாக வெளிவந்தது. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதையே படிக்கிறார்கள். தமிழகத்துக்கு அது முழுதும் பொருந்துவதாக இல்லை. இங்கே தனியாக ஒரு வெண்கலக்காலம் தழைக்காமல், கல்லிலிருந்து இரும்புக்கு நேரே சென்றதாகவே அறிஞர் பலரும் கருதி வந்திருக்கின்றனர். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்போடு கிடைத்த சில மாதிரிகளின் காலம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அறிவித்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

கல் கோடரியால் எளிதில் வீழ்த்த முடியாத மரத்தை இரும்புக் கோடரி வீழ்த்தியது. காடு வயலாயிற்று. வயல் இருந்த இடத்தில் ஊர் எழுந்தது. இது நாம் அறிந்த கதை. எனினும், காலத்துக்குப் பொருளின் பெயரைச் சூட்டுகிறவர்கள் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அப்பொருளை வெட்டி எடுத்தவன் யார், சுமந்தவன் யார், அதன் பயனைத் துய்த்தவன் யார் என்ற கேள்விகள் அந்தப் பெயருக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்கு விடை காண ஒரு சிற்றூரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அது நான் பிறந்து வளர்ந்த வண்டிப்பெரியார்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீர்மேடு வட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைப்பாதை பெரியாற்றைக் கடக்கும் இடத்தில் அமைந்தது இவ்வூர். ஊர்ப்பெயரில் வண்டியும் ஆறும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கிருந்து குமுளி வழியாக மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துப் புழங்கும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடு வட்டம் கேரளத்தோடு நின்றது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வேற்று மாநிலத்தவரானோம்.

எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் பெரியாறு நெடுந்தூரம் சென்று மேற்குக் கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தை அடுத்துத்தான் முற்காலத்தில் முசிறித் துறைமுகம் இருந்தது. யவனர் கலங்கள் அங்கே பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறி வாணிகத்தின் தொடர்பாகக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னா நகரில் இன்றும் இருக்கிறது. மலையில் விளைந்த ஒரு கொடியின் காய், ரோமாபுரியின் பொன்னை நம் கடற்கரைக்கு இழுத்து வந்திருக்கிறது. அப்படியானால் ஒரு பொருள் மனிதரை இடம் பெயர்ப்பதில் வியப்பென்ன? எங்கள் மலையின் வாழ்வை வகுத்தவை மூன்று பொருள்கள். முதலாவது ஏலம், இரண்டாவது தேயிலை, மூன்றாவது சுண்ணாம்பு.

முதலில் ஏலத்தைப் பார்ப்போம். ஏலச்செடி நிழலை விரும்புவது. காட்டின் பெருமரங்களை முற்றிலும் வெட்டிவிட்டால் அது வாழாது. ஆகவே ஏலம் பயிரிட்டவன் காட்டோடு ஒருவகை உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. காயோ எடையில் சிறியது, விலையில் பெரியது. தலைச்சுமையாகவே கணவாய் கடத்திக் கொண்டுபோகலாம். இவ்வியல்பு கருதித்தான் திருவிதாங்கூர் அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஏலத்தைத் தன் ஏகபோக உரிமையாக வைத்திருந்தது. சிறிய மூட்டைக்குள் பெரிய வருமானம் அடங்கியிருந்ததே காரணம்.

ஏலத்துக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதன் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. பருவத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பருவம் முடிந்தால் ஆள் தேவை குறைந்துவிடும். ஆகையால் ஏலத்தோட்டம் தொழிலாளியை நிரந்தரமாகக் குடியமர்த்தக் கட்டாயம் எழவில்லை. இன்றும் கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து பெண்கள் விடியுமுன் சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் ஏறி, மலைமேல் வேலை செய்து, பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். அவர்கள் வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். பறித்த காய் உலர்ந்தபின் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிறது. ஏலம் இரு மாநிலத்தாரையும் நாள்தோறும் சந்திக்க வைத்தது. ஆனால் யாரையும் வேரோடு பெயர்க்கவில்லை.

தேயிலையின் கதை வேறு. பீர்மேட்டு மலையில் ஆங்கிலேயர் முதலில் பயிரிட்டது காப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையையும் தென்னிந்தியாவையும் இலைத்துரு நோய் தாக்கியது. இலங்கையில் அது 1869-ஆம் ஆண்டில் காணப்பட்டது. காப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை ஏறியது. பயிர் மாறியதும் தொழிலாளியின் வாழ்வும் மாறியது. காப்பிக்கு அறுவடைக்காலம் என்று ஒன்று உண்டு. காலம் முடிந்தால் கூலியாள் ஊருக்குத் திரும்பித் தன் நிலத்தைப் பார்க்கலாம். தேயிலை அப்படி விடுவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே செடியைத் தேடி வர வேண்டும். தாமதித்தால் கொழுந்து முற்றிவிடும். பறித்த கொழுந்தும் சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையேல் கூடையிலேயே சூடேறிக் கெட்டுவிடும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆலை தோட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தொழிலாளி ஆலைக்கு அருகிலேயே, ஆண்டு முழுதும், குடும்பத்தோடு இருக்க வேண்டும். ஆகவே எழுந்தன லயங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் அடுக்களையும் என்பதே அவற்றின் பழைய அமைப்பு.

என் அம்மாச்சி சிறுமியாக இருந்தபோது ஒரு கங்காணியின் பின்னே கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கூடையோடு சரிவில் ஏறுவார். கொழுந்தின் கறை படிந்து அவருடைய விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். எடை போடும் இடத்தில் மழை ஈரத்துக்காக ஒரு பங்கு கழிப்பார்கள். அதைப் பற்றி மட்டும் அவர் முணுமுணுப்பார். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளிலும் அவர் வேலைக்குக் கிளம்பியபோது நான் அழுதேன். "கொழுந்து யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காதுடா, ராசா," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு செடியின் இயல்பு ஒரு குழந்தையின் கட்டில்வரை வந்து அதிகாரம் செலுத்தியதை அன்று நான் உணரவில்லை. பட்டப்படிப்பில் வரலாறு பயின்றபோதுதான் உணர்ந்தேன்.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். தொழிலாளி அருகில் குடியிருக்க வேண்டும் என்பது செடியின் கட்டளையாக இருக்கலாம். அந்த வீடு ஓர் அறையாக இருக்க வேண்டும், வேலை போனால் வீடும் போக வேண்டும் என்பது செடியின் கட்டளையன்று. அதை வகுத்தவர்கள் மனிதர்கள். 1951-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. எனினும் வீடு வேலையோடு கட்டுண்டே கிடந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது அதன் விளைவைக் கண்டோம். நாங்கள் இருந்த தோட்டமும் மூடியது. என் தாயாருக்குச் சேர வேண்டிய பணிக்கொடை உடனே கிடைக்கவில்லை. அது கைக்கு வராமல் லயத்தை விட்டு வெளியேற அவர் மறுத்துவிட்டார். வெளியேறினால் கேட்கும் உரிமையும் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. ஒழுகும் தகரத்தின்கீழ்ப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு எத்தனையோ மழைக்காலங்களைக் கழித்தார். தேயிலை எங்களை அழைத்து வந்தது. பின்பு தேயிலைக்கு விலையில்லாமற் போயிற்று. நாங்கள் மட்டும் எஞ்சினோம்.

மூன்றாவது பொருள் சுண்ணாம்பு. 1876-ஆம் ஆண்டு முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குப்பின், மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய திட்டம் உயிர்பெற்றது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் தலைமையில் 1887-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் அணை திறந்துவைக்கப்பட்டது. ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரம். அந்த அணையை இறுகப் பிடித்து நிற்பது எது என்று கேட்டால், சுண்ணாம்பும் சுர்க்கியும் என்பதே விடை.

இன்று நாம் அறிந்த போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டிலேயே உரிமம் பெறப்பட்டிருந்தது. ஆனால் இந்தியாவில் சிமெண்டுத் தொழில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில்தான். கப்பலில் வரும் சிமெண்டைக் கொண்டு காட்டு நடுவே ஓர் அணை எழுப்புவது கட்டுப்படியாகும் செயலன்று. சுண்ணாம்பு இங்கே கிடைத்தது. ஆனால் வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே மெல்ல இறுகும். காற்றுப் புகாத பெருங்கட்டிடத்தின் நடுவிலும் நீருக்கடியிலும் அது இறுகாது. செங்கல்லைப் பொடித்து அதோடு சேர்த்தால், சுட்ட மண்ணிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி, நீருக்குள்ளும் கல்லாக இறுகும். அந்தச் செங்கற்பொடியே சுர்க்கி எனப்படுவது. ரோமர்கள் எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்ததும் இதே வேலைதான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பரைத்து வீடு கட்டிய நம் கொத்தர்களுக்கும் சுண்ணாம்பின் குணங்கள் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தன. காட்டில் வெள்ளம் பலமுறை தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர். அவர்கள் சுமந்த சுண்ணாம்புதான் மலையைக் குடைந்த சுரங்க வழியே நீரைக் கிழக்கே திருப்பி, இன்றைய தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கரைப் பசுமையாக்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறது. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15-ஆம் நாள் அங்கே பொங்கலிட்டு அவரை நினைக்கிறார்கள்.

ஆயினும் சுண்ணாம்புக்கும் முதுமை உண்டு. கசியும் நீர் நூறாண்டுக்கு மேலாகச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தின் மோர்விக்கு மேலே மச்சு அணை உடைந்து ஊர் அழிந்தபோது, பெரியாற்றங்கரையிலும் அச்சம் பரவியது. அவ்வாண்டே 152 அடியாக இருந்த நீர்த்தேக்க உயரம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையின் தலையில் கான்கிரீட் கவசமும், உடலுக்குள் இரும்புக் கம்பிவட நங்கூரங்களும், பின்புறம் கான்கிரீட் முட்டுச் சுவரும் சேர்க்கப்பட்டன. சுண்ணாம்புக்குத் துணையாக இரும்பும் சிமெண்டும் வந்து சேர்ந்தன. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் அமைத்தது.

இவை செய்தித்தாளில் அடிக் கணக்காக வருபவை. எங்கள் குடும்பத்துக்கு அவை அடிக் கணக்கோடு நிற்பதில்லை. வண்டிப்பெரியார் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உள்ள ஊர். என் பெரிய மாமா அணைக்கு மறுபுறம் கூடலூரில் நெல் விளைவிப்பவர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், பெருமழையில் நீர்மட்டம் உயர, மதகுகள் திறக்கப்பட்டன. அன்று தலைநகரில் எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஆற்றங்கரை வீடுகளில் வெள்ளம் புகுந்துவிட்டதென்றும், அக்கம்பக்கத்தாரோடு மேட்டில் ஏறி நிற்பதாகவும் தாயார் சொன்னார். அவ்வளவு தண்ணீரும் மேற்கே வீணாகப் போகிறதே என்று மாமா வருந்தினார். சற்று நேரம் கழித்து மாமாவே மீண்டும் அழைத்து, "அக்கா மேட்டுலதானே இருக்கு? ராத்திரி அங்கேயே இருக்கச் சொல்லுப்பா," என்றார். இருவர் சொன்னதும் உண்மை. ஒருவருக்கு அந்த அணை சோறு, மற்றவருக்கு அது தலைமாட்டில் நிற்கும் நீர். பேசியவர்கள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆகவே இந்த வழக்கில் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். சுண்ணாம்பு எவ்வளவு கரைந்தது என்பதைக் கூச்சலால் அறிய முடியாது. அளந்தே அறிய முடியும். கசிவு நீரை அளப்பதும், அளந்ததை இரு கரையாரும் நம்பும்படி வெளியிடுவதும், பாதுகாப்பையும் பாசனத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் தீர்வு தேடுவதும் ஆட்சியாளர் கடமையாகும். கல்லும் சுண்ணாம்பும் எந்த மாநிலத்தின் பக்கமும் சாய்வதில்லை.

நேயர்களே, ஓர் ஊரின் கதையைச் சொன்னேன். இது உங்கள் கதையுமாகும். கோலார் தங்கவயலுக்கு நம்மவரை அழைத்துச் சென்றது பொன். அங்கே 1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பூமிக்கடியில் நெடுந்தூரம் இறங்கித் தமிழர்கள் பொன்னெடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் இருக்கின்றன. மும்பையின் தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பலரை அழைத்தது தோல். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் அகன்றுவிட்டன. மக்கள் இருக்கிறார்கள். எங்கள் மலையிலும் அப்படியே. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மலை சரிந்தபோது, லயங்களில் இருந்த எழுபது பேர் மாண்டனர். அந்தச் சரிவில் அவர்கள் குடியிருந்தது தேயிலைக்காக.

பொருள் மனிதனை அழைக்கிறது, ஒரு காலத்தில் கைவிடுகிறது. பொருளின் இயல்பை நாம் மாற்ற இயலாது. கொழுந்து காத்திருக்காது, சுண்ணாம்பு கரையாமல் இராது, பொன் ஒருநாள் தீரும். ஆனால் அப்பொருளைச் சுற்றி எழும் ஏற்பாடு நம் கையில் இருக்கிறது. கூலி என்ன, வீடு யாருடையது, ஆபத்தை யார் தாங்குவது, பொருள் தீர்ந்தபின் எஞ்சுகிறவருக்கு வழி என்ன என்பவை மனிதர் கூடி முடிவு செய்ய வேண்டியவை. கற்காலம், இரும்புக்காலம் என்று பொருளுக்குப் பெயர் வைத்தோம். ஒரு காலம் நல்ல காலமா என்பதை அக்காலத்து வீடுகளைக் கொண்டே அறிய வேண்டும்.

என் தாயாருக்குப் பணிக்கொடை ஒருவாறு வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஊரை அடுத்து மூன்று சென்ட் நிலம் வாங்கி, சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று எனக்குத் தொலைபேசியில், "இந்த வீட்ட விட்டு என்னைய யாரும் போகச் சொல்ல முடியாதுடா," என்றார். மூன்று தலைமுறைகளில் எங்கள் குடும்பத்தார் அவ்வாறு சொன்னது அதுவே முதல் முறை.